கதவு இரண்டு, சாவி ஒன்று

விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்புகிறீர்கள். மடிக்கணினி பாஸ்வேர்டு கேட்கிறது. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே மூன்று ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவிடம் சொன்னதும், ஐந்து நிமிடத்தில் புதிய பாஸ்வேர்டு கொடுத்துவிடுகிறார்கள். அதை அடித்தால், 'தவறு' என்கிறது இயந்திரம்! ஆனால் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் அதே பாஸ்வேர்டுடன் உங்கள் மின்னஞ்சல் திறக்கிறது. இது என்ன விந்தை?

உண்மையில் உங்கள் மடிக்கணினிக்கு இரண்டு கதவுகள். முதற் கதவு டிஸ்க்கினுடையது. டிஸ்க்கில் உள்ளவை யாவும் சங்கேதமாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். திருடன் டிஸ்க்கைக் கழற்றிப் படித்தாலும் ஒன்றும் புரியாது. இரண்டாவது கதவு அலுவலகத்தின் கணக்கு. மின்னஞ்சல், கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போதும் என்ற வசதிக்கு 'சிங்கிள் சைன்-ஆன்' என்று பெயர். டிஸ்க்கின் கதவில் நீங்கள் அடித்த சொல்லையே இயந்திரம் அடுத்த கதவுக்கும் கொடுத்துவிடுகிறது. ஆகவே, இருப்பது ஒரே கதவு என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அலுவலகத்தார் மாற்றியது தங்கள் பதிவேட்டில் இருந்த பாஸ்வேர்டை மட்டுமே. டிஸ்க்கின் கதவோ, இயந்திரம் முழுதாக விழித்தெழும் முன்பே நம்மை மறிக்கிறது. பெரும்பாலான அமைப்புகளில் அந்த நேரத்தில் வலைத்தொடர்பு இராது. மாற்றம் நடந்த சேதி அதற்கு எப்படி எட்டும்?

'டிஸ்க்கிலும் மாற்றிவிட்டால் போயிற்று' என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

டிஸ்க்கைப் பூட்டுவது உங்கள் பாஸ்வேர்டு அல்ல. இயந்திரம் தானே உண்டாக்கிய, 128 அல்லது 256 பிட் நீளமுள்ள ஓர் எண்தான் அந்தச் சாவி. அதைப் பீரோச் சாவி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாவியை ஒரு சிறு பெட்டியில் போட்டு, பெட்டியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டி, டிஸ்க்கின் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுவதென்றால், சாவியை வெளியே எடுத்து வேறு பெட்டியில் போடுவது. டிஸ்க் முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம்; ஒரு நொடி வேலை. ஆனால் சாவியை எடுக்கப் பழைய பெட்டி திறக்கவேண்டுமே! மறந்தவரால் அது முடியாது.

ஊகித்துப் பார்க்கலாமா? பாஸ்வேர்டு எளிதானதாக இருந்தால் ஒருவேளை கிடைக்கலாம். அதைத் தடுக்கவே, ஒவ்வொரு முயற்சிக்கும் ஆயிரக்கணக்கான சுற்றுக் கணக்கு போடும்படி வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள். பெட்டியை விட்டுவிட்டு 128 பிட் சாவியையே தேடினாலோ, 39 இலக்க எண்ணிக்கையில் சாவிகள் உண்டு. நொடிக்கு இலட்சம் கோடி வீதம் சோதித்தாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப்போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும்.

நல்லவேளையாக, அதே சாவியின் நகலை வேறு பெட்டிகளிலும் வைக்கலாம். லினக்ஸ் கணினிகளின் 'லக்ஸ்' முறையில், முதற் பதிப்பிலேயே எட்டுப் பெட்டிகளுக்கு இடமுண்டு. விண்டோஸின் 'பிட்லாக்கர்' ஒரு பெட்டியை 48 இலக்க மீட்பு எண்ணால் பூட்டுகிறது. இந்த எண்ணில் ஓர் அழகு உண்டு. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும். 135795ஐ வகுத்துப் பாருங்கள், 12345 வரும். ஓர் இலக்கம் பிசகினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் வகுபடாது. பிழை உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, கம்ப்யூட்டர் பிரிவிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: புதிய பாஸ்வேர்டு, டிஸ்க்கின் மீட்பு எண். மீட்பு எண்ணால் முதற் கதவைத் திறந்து, அலுவலக வலையமைப்பில் இணைந்து, புதிய பாஸ்வேர்டுடன் நுழைந்தால், அதற்குரிய புதிய பெட்டியைச் செய்துகொள்ள வழி பிறக்கும். நிறுவனங்கள் பல, இந்த எண்களைத் தங்கள் பதிவேட்டில் சேமித்து வைக்கின்றன. சொந்தக் கணினியானால் நீங்களேதான் தாளில் எழுதிவைக்க வேண்டும். அதே கணினிக்குள் ஒரு கோப்பில் எழுதிவைத்த புத்திசாலிகளும் உண்டு; அவர்களில் நானும் ஒருவன்!