முரசு நோயும் அழற்சிக் குறிகாட்டிகளும்: தேயிலைத் தோட்ட ஆய்வொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1986ஆம் ஆண்டில், பல் மருத்துவ உலகில் இன்றுவரை மேற்கோள் காட்டப்பட்டுவரும் கட்டுரையொன்று வெளியாயிற்று. ஹரல்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடன் பணியாற்றிய மூவரும் எழுதிய அக்கட்டுரை, மனிதரிடத்து முரசு நோயின் 'இயற்கை வரலாறு' யாது என்னும் வினாவுக்கு விடைகாண முற்பட்டது. அதற்கு ஆதாரமாய் அமைந்தோர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் உழைத்த 480 ஆண் தொழிலாளர்கள். 1970இல் தொடங்கி 1985 வரை ஆறு தடவை அவர்தம் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ எவ்வகையிலும் எட்டாத மக்கட் கூட்டத்தினர் என்பதே அவர்கள் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணமாகும். ஒப்பீட்டுக்கென எடுத்துக்கொள்ளப்பட்டோர் ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்விமான்களும்.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், இன்று முரசு நோய்ச் சிகிச்சையில் பெரிதும் பேசப்படும் 'அழற்சிக் குறிகாட்டிகள்' என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள முற்படும் எவரும் அத்தோட்டத்து லயன்களைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். பல்லின்மேற் படியும் பற்றீரியாப் படலம் அகற்றப்படாவிடின் முரசு சிவந்து வீங்கிக் குருதி கசியும். 1965இல் லோ குழுவினர் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்து இதனை நிறுவினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி தோன்றியது, துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. இவ்வளவில் நின்றுவிடின் பெருந்தீங்கில்லை. ஆயின் சிலரிடத்து அழற்சி ஆழச் சென்று, பல்லைத் தாங்கும் நார்களையும் தாடை என்பையும் அரிக்கின்றது. இவ்வழிவைச் செய்வது பற்றீரியா மட்டுமன்று. அதனை எதிர்க்க எழுந்த எமது உடலின் காவற்படையே பெரும்பங்கினை ஆற்றுகின்றது என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. வெண்குருதிக் கலங்கள் சுரக்கும் எம்.எம்.பி-8 என்னும் நொதியம், முரசின் கட்டுமானப் பொருளாகிய கொலாஜெனைச் சிதைக்கின்றது. இன்ரலூக்கின்-1 முதலான தூதுப் புரதங்களும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருளும் என்பை அரிக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. எதிரியை விரட்ட வந்த படை குடிமக்களின் மனைகளையும் எரிக்கும் கதையை நாம் வேறிடங்களிலும் அறிவோம்.

பண்டை உரோமானிய ஆசிரியரான செல்சசு அழற்சிக்குச் செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என நான்கு அடையாளங்கள் வகுத்தார். முரசு நோயில் நான்காவது பெரும்பாலும் தோன்றுவதில்லை. பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலரும் வைத்தியரை நாடுகின்றனர். நோவு பேசாதவிடத்து வேறேதேனும் பேசவேண்டும் என்பதிலிருந்தே குறிகாட்டிகளைத் தேடும் முயற்சி பிறந்தது எனலாம். (முரசு என்ற சொல் போர்ப்பறையையும் பல்லூனையும் ஒருங்கே குறிப்பதாயினும், இந்நோயில் முரசு அறைவதில்லை.)

நெடுங்காலமாக வைத்தியர் கையிலிருந்த கருவி, அளவுகோடிட்ட மெல்லிய சலாகையொன்றே. அதனைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே செலுத்தி, பையின் ஆழத்தையும் குருதி கசிகின்றதா என்பதையும் குறித்துக்கொள்வர். குருதி கசியாமை அவ்விடம் நலமாயிருப்பதற்கு நம்பகமான சான்று. ஆயின் கசிதல் என்பு அரிபடும் என்பதற்கு உறுதியான சான்றன்று. ஆழமோ ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட அழிவைச் சொல்வது. இன்று நிகழ்வதைச் சொல்லாது. வரலாற்றாசிரியனுக்கும் செய்தியாளனுக்கும் உள்ள வேறுபாடு இது. எனவேதான் முரசிடுக்கில் ஊறும் நீரைச் சிறு கடதாசித் துண்டினால் உறிஞ்சியெடுத்து, அதிலுள்ள எம்.எம்.பி-8, இன்ரலூக்கின் ஆகியவற்றை அளக்கும் முறை வளர்ந்தது. எம்.எம்.பி-8இன் செயற்படு வடிவத்தைச் சில நிமிடங்களில் வைத்தியரின் நாற்காலியருகிலேயே காட்டும் சோதனைகளும் இன்று உள்ளன. சிகிச்சை வெற்றிபெறின் இவ்வளவுகள் தாழ்கின்றன. தாழாதவிடத்து மீண்டும் கவனிக்கவேண்டும்.

மற்றொரு வகைக் குறிகாட்டிகள் குருதியிற் காணப்படுவன. அவற்றுள் முதன்மையானது சீ-எதிர்வினைப் புரதம். நியூமோனியாக் கிருமியின் கலச்சுவர்ப் பொருளொன்றோடு வினைபுரிவதாக 1930இல் இனங்காணப்பட்ட இப்புரதத்தை ஈரல் ஆக்குகின்றது. உடலில் எங்கேனும் அழற்சி மூளும்போது இன்ரலூக்கின்-6 ஈரலுக்கு ஆணையிட, இதன் அளவு உயர்கின்றது. கடும் முரசு நோயுற்றோரிடம் இவ்வளவு சிறிது உயர்ந்தும், சிகிச்சையின் பின் சிறிது தாழ்ந்தும் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இலண்டனில் 120 நோயாளரைக்கொண்டு நடாத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு விதந்து கூறத்தக்கது. ஒரே அமர்வில் தீவிர சிகிச்சை பெற்றோரின் குருதியில் அடுத்த நாள் அழற்சிக் குறிகாட்டிகள் குறைவதற்கு மாறாக ஏறின. குருதிக் குழாய்களின் விரிவாற்றலும் குன்றிற்று. ஆயின் ஆறு மாதங்களின் பின் அவ்வாற்றல் ஒப்பீட்டுக் குழுவினரதைவிட மேம்பட்டிருந்தது. ஒரு நாளின் அளவை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பவர் சிகிச்சையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருப்பர்! ஓர் எண்ணை அதன் இயக்கப் போக்கினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

நீரிழிவு பற்றிய ஆய்வுகளும் இவ்வாறே தம்முள் முரண்பட்டே வளர்ந்தன. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடாத்தப்பட்ட ஆய்வு, முரசுச் சிகிச்சையால் நீரிழிவுக் கட்டுப்பாடு மேம்படவில்லை என்றது. 2018இல் 264 பேரைக்கொண்ட இலண்டன் ஆய்வு, தீவிர சிகிச்சையின் ஓராண்டு முடிவில், நீண்டகாலச் சர்க்கரை நிலையைக் காட்டும் குருதி அளவு ஒப்பீட்டுக் குழுவினரைவிட 0.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது எனக் கண்டது. 2022இல் பல ஆய்வுகளையும் திரட்டி நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு இம்மேம்பாட்டை ஏற்றுக்கொண்டது. இருதய நோயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இரண்டுக்கும் தொடர்புண்டு, ஆனால் முரசுச் சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று 2012இல் அமெரிக்க இருதயச் சங்கம் அறிவித்தது. குறிகாட்டி தாழ்ந்தமையைக் கொண்டே நோய் தடுக்கப்பட்டதெனக் கொள்வது, வெப்பமானியைக் குளிர்நீரில் இட்டுக் காய்ச்சலைத் தணிக்க முயல்வது போன்றதாகும்.

இனித் தோட்டத்துக்கு மீள்வோம். அத்தொழிலாளர் வழக்கமான பல் துப்புரவு முறை எதனையும் கைக்கொள்ளாதவர். ஏறத்தாழ அனைவரது முரசும் அழற்சியுற்றிருந்தது. ஆயினும் அழிவு ஒருபடித்தாக நிகழவில்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினரிடம் நோய் விரைந்து முன்னேறியது. 81 சதவீதத்தினரிடம் நடுத்தர வேகத்திற் சென்றது. 11 சதவீதத்தினரிடம் முரசழற்சிக்கு அப்பாற் செல்லவேயில்லை. 35 வயதில் முதற் பிரிவினர் இழந்திருந்த பற்பிடிப்பு சராசரி 9 மில்லிமீற்றர்; இரண்டாம் பிரிவினர் இழந்தது 4 மில்லிமீற்றர்; மூன்றாம் பிரிவினரோ 1 மில்லிமீற்றரும் இழந்திலர். முதற் பிரிவினர் 45 வயதளவிற் பற்கள் அனைத்தையும் இழந்தனர்.

இம்முடிவு எம்போன்றோருக்கும் ஒரு பாடத்தைக் கொண்டுள்ளது. ஒரே லயன், ஒரே உழைப்பு, ஒரே கூலி, ஒரே அழுக்குப் படலம். இருந்தும் மூவேறு விதிகள். சமூக நிலைமையைச் சுட்டியவுடனே விளக்கம் முடிந்துவிட்டதெனக் கருதும் கொச்சைப் பொருள்முதல்வாதத்தை இத்தரவு மறுக்கின்றது. உடலின் எதிர்வினை ஆளுக்காள் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிவதே குறிகாட்டிகளின் மெய்யான பணி. 2018இல் வெளியிடப்பட்ட புதிய நோய்ப் பாகுபாடும், நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதோடு எவ்வளவு வேகத்தில் முன்னேறும் என்பதையும் தரப்படுத்துகின்றது. புகைத்தலும் நீரிழிவும் அத்தரத்தை மாற்றுகின்றன.

ஆயின் மறுதலையும் உண்மையே. 'இயற்கை வரலாறு' என்ற தொடரை நாம் ஐயத்துடனேயே வாசிக்கவேண்டியுள்ளது. 1970இல் ஒரு தோட்டத் தொழிலாளி பல்வைத்தியரை ஒருமுறையேனும் கண்டிராமை இயற்கையன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வரலாறு அது. ஆய்வு நடைபெற்ற அதே ஆண்டுகளிலேதான் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மலையகத்தவர் கப்பலேறிக்கொண்டிருந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 480 பேருள் 1985ஆம் ஆண்டுப் பரிசோதனையிற் பங்குபற்றியோர் 161 பேர். 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தோர் 75 பேர். கட்டுரையின் அட்டவணைகளில் இவர்கள் வயதும் மில்லிமீற்றருமாகவே நிற்கின்றனர். ஒஸ்லோவின் கல்விமான்களுக்குப் பல் மருத்துவம் கிடைத்தமை ஆய்வில் ஒரு மாறி. தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்காமை ஆய்வின் முன்நிபந்தனை.

இதனைக் கூறுவது ஆய்வாளரை இழிவுபடுத்துவதற்காக அன்று. அவ்வாய்வு இன்றேல், யாருக்குத் தீவிர சிகிச்சை வேண்டும், யாருக்கு எளிய துப்புரவே போதும் என்னும் வினாவே இவ்வளவு கூர்மையாக எழுந்திராது. நாம் கேட்பது வேறு. கடதாசித் துண்டும் நொதியச் சோதனையும் யார் வாய்க்குள் முதலிற் செல்கின்றன? எம்.எம்.பி-8ஐ அளக்கும் பெட்டிக்கு விலையுண்டு. அதனை வாங்குவோர் தனியார் சிகிச்சை நிலையங்களின் வாடிக்கையாளரே. முரசு நோய்ச் சிகிச்சையின் அடிப்படையோ இன்றும் பற்காரையைச் சுரண்டி அகற்றலும் நாள்தோறும் துலக்கலுமே. அதற்கு வேண்டியவை பயிற்சிபெற்ற கையும், ஒரு நாற்காலியும், கூலி வெட்டப்படாத ஒரு நாளுமாகும்.