மஞ்சள் புள்ளியும் சிவப்பு உடலும்

கண்டி–குருணாகல் வீதியில் கலகெதரவைத் தாண்டி இறங்கினால் மாவத்தகம வரும். 2020 மே மாதம் அங்கே தோட்டங்களில் வெட்டுக்கிளிகள் மொய்த்தன. கிழக்காபிரிக்காவிலிருந்து ராஜஸ்தான்வரை பாலைவன வெட்டுக்கிளி பயிரை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம். சனங்கள் பதறியதில் வியப்பில்லை. ஆனால் மாவத்தகமவில் மொய்த்தது அதுவல்ல, இந்த மண்ணிலேயே முட்டையிட்டு வளரும் புள்ளி வெட்டுக்கிளி. கரும்பச்சைச் சிறகில் மஞ்சள் புள்ளிகள், கறுத்த வயிற்றில் சிவப்பு வளையங்கள். நெடுந்தூரம் பறக்க முடியாத, ஒளிந்துகொள்ளவும் அவசியமில்லாத பூச்சி அது.

ஒன்றைத் தொட்டால் தெரியும். துள்ளி ஓடாது. முதலில் கரகரவென்று ஒலி எழுப்பும். பிறகு மார்பிலிருந்து குமிழ் குமிழாக நுரை கசியும். கசப்பும் கெட்ட வாடையும் உள்ள நுரை. ஒருமுறை கொத்திய பறவை அந்த மஞ்சளையும் சிவப்பையும் மறக்காது. பளிச்சென்ற நிறம் இப்படி ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று 1867இல் டார்வினுக்கு எடுத்துச் சொன்னவர் இயற்கையியலாளர் வாலஸ். டார்வினைக் குழப்பியவை கண்ணைப் பறிக்கும் நிறமுடைய மயிர்க்கொட்டிகள்.

கலகெதரப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, பாக்கு, மிளகு, கராம்பு எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி வளரும். அங்கே இதே உத்தியில் வாழும் இன்னொரு பூச்சி சிவப்புடல் அழகி வண்ணத்துப்பூச்சி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளும், உடலோ இரத்தச் சிவப்பு. அவசரமின்றிப் பறக்கும். இதன் நஞ்சு இரவல் நஞ்சு. புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று, அதிலுள்ள அமிலத்தை உடலில் சேமித்துக்கொள்கிறது. அதன் உடல் தோல்போல உறுதியானது. பறவை கொத்தித் துப்பினாலும் பல வேளைகளில் பிழைத்துப் பறந்துவிடும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு சாப்பாட்டில்தான். வெட்டுக்கிளிக்குத் தென்னை, வாழை, பாக்கு, கோப்பி என எதுவும் ஆகும். அதனால்தான் பெருகினால் தொல்லை. குஞ்சுகள் கூட்டமாக இருக்கும்போதே பிடித்து அழிப்பது நல்லது. அழகியின் புழுவுக்கோ ஆடுதீண்டாப்பாளைக் குடும்பக் கொடிகளை விட்டால் வேறு போக்கில்லை. களையென்று கொடியைப் பிடுங்கினால் பூச்சியும் போய்விடும்.

அழகியை நம்பி வாழ்வது இன்னொன்றும் உண்டு. எலுமிச்சை, கறிவேப்பிலையில் வளரும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பெண்களில் ஒரு பகுதி, நஞ்சே இல்லாமல் அழகியின் சிறகுக்கோலத்தை மட்டும் அப்படியே போட்டுக்கொள்கின்றன. அந்தக் கோலத்தை ஒரே ஒரு மரபணு ஆள்வதை 2014இல் கண்டறிந்தார்கள். உற்றுப் பாருங்கள்: போலியின் உடல் கறுப்பாகவே இருக்கும்.