வாழைப்பழப் பெட்டியில் வந்த தவளை

ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் இன்னிஸ்ஃபெயில், டல்லி ஊர்களைச் சுற்றி வாழைத்தோட்டங்கள் நிறைய. தாரை இறக்கிச் சீப்புச் சீப்பாக நறுக்கிப் பெட்டியில் அடுக்கும்போது, காய்களின் இடுக்கில் பகல் தூக்கத்தில் இருக்கும் மரத்தவளை சில வேளை கண்ணுக்குத் தப்பிவிடும். பெட்டியை மூடி லாரியில் ஏற்றிவிட்டால், அது வெளிச்சத்தைப் பார்ப்பது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சிட்னியில் ஏதோ ஒரு காய்கறிக் கடையில்.

அதைத் திருப்பி அனுப்ப வழியில்லை. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாது. தெரிந்தாலும், வழியில் ஒட்டிக்கொண்ட நோய்க்கிருமியையும் சேர்த்து அந்த மண்ணுக்கு அனுப்பியதாகிவிடும். சிட்னியின் குளக்கரையில் கொண்டுபோய் விடவும் கூடாது. இப்படி வழிதவறி வரும் தவளைகளை வாங்கி, தனியே வைத்துக் கவனித்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் வேலையைச் சிட்னியில் ‘தவளை, தலைப்பிரட்டை ஆய்வுக் குழு’ என்ற தன்னார்வ அமைப்பு செய்துவருகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டுத் தவளையை வீட்டில் வளர்க்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்துவந்து வளர்க்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இருக்கும் பச்சை மரத்தவளை அப்படிப் பழப்பெட்டியில் வந்ததுதான். உள்ளங்கை அகலம். அழுத்தமான இலைப்பச்சை. விரல் நுனிகளில் வட்ட வட்டமான ஒட்டு மெத்தைகள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கண்ணாடித் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக் குளியலறைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது மாதிரிதானேடா?” என்றார். “பாக்க அப்படித்தாம்மா. ஆனா இது வேற குடும்பம்” என்றேன்.

அடுத்து அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “குழாய்த் தண்ணில மருந்து வாசம் அடிக்குது பாரு. ஒரு ராத்திரி அகலப் பாத்திரத்துல தொறந்து வச்சுட்டு, காலையில ஊத்து.” கும்பகோணத்தில் நாங்கள் மீன் வளர்த்த நாளில் அப்படித்தான் செய்வோம். ஒரு மீன்கூட அதனால் செத்ததில்லை. அதையே செய்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் தவளை நீர்த்தட்டுப் பக்கமே போகவில்லை. தொட்டியின் மேல்மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. தொடையின் உட்புறம் சிவந்திருந்தது. கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?”

அம்மா சொன்னதில் பிழையில்லை. நான்தான் ஊர் மாறியதை மறந்துவிட்டேன். நீரில் வெறும் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். ஆனால் நீண்ட தூரம் குழாயில் போகும் நீருக்கு இப்போது பல நகரங்களில் குளோரமின் கலக்கிறார்கள். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள் அது. கலந்தால் நாள்கணக்கில் நீரில் நிற்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அதனால் கேடில்லை, நன்மைதான். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் அது போகாது. எங்கள் குழாயில் வருவது அதுதான்.

நாம் குடித்தால் கேடு செய்யாத நீர் தவளைக்கு மட்டும் ஏன் நஞ்சாகிறது? தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பக்கத்திலும் தொடையின் உட்புறத்திலும் இரத்த நாளங்கள் நெருங்கிய மெல்லிய தோல் உண்டு. ஈரத்தில் அந்த இடத்தைப் பதித்து உட்கார்ந்துகொள்ளும். நீர் அதன் வழியாக நேரே உடம்புக்குள் போய்விடும். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். உப்புச் சத்துகளின் அளவைச் சீராக வைப்பதும் தோல்தான். நமக்கு நாக்கு, குடல், கல்லீரல் என்று வரிசையாகக் காவல் இருக்கிறது. தவளையின் அடிவயிற்றில் அப்படி எதுவும் இல்லை. தட்டில் எதை ஊற்றினோமோ அதுவே அதன் இரத்தத்துக்குப் போகிறது. வேறு எதை மறந்தாலும் தவளை வளர்ப்பவர் இதை மறக்கக் கூடாது.

மருத்துவர் சொன்னபடி இப்போது செய்வது இது. காலையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்து, இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கிய நீரைச் சற்று நேரம் ஓடவிடுகிறோம். செம்புக் குழாயில் நின்ற நீரில் செம்பு கரைந்திருக்கும். சுடுநீர்க் குழாயில் அது இன்னும் அதிகம், ஆகவே அதைத் தொடுவதே இல்லை. பிடித்த நீரில் மீன்தொட்டிக்காரர்கள் விற்கும் நீர் பதமாக்கும் மருந்தை அளவு பார்த்து விடுகிறோம். அதிலும் ஒரு கவனம் வேண்டும். சில மருந்துகள் குளோரினை மட்டும் முறித்துவிட்டு அமோனியாவை நீரிலேயே விட்டுவிடும். குளோரமின், அமோனியா இரண்டையும் முறிக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று படித்துத்தான் வாங்க வேண்டும்.

“அப்படியானால் கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உப்பையெல்லாம் வடித்த நீரில் தவளை ஊறிக் கிடந்தால், நீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், உடம்பின் உப்பு வெளியே கசியும். தொட்டிக்குள் ஈரப்பதத்துக்காகத் தெளிக்க அந்த நீர் நல்லது, கண்ணாடியில் வெள்ளைக் கறை படியாது. ஊறும் தட்டுக்கு அது வேண்டாம். கூரையில் விழும் மழைநீரை நான் நம்புவதில்லை. கூரைத் தகட்டின் ஈயமும் துத்தநாகமும், பறவை எச்சமும் அதில் சேர்ந்திருக்கும். கொதிக்கவைத்தாலும் உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும்.

தட்டு அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும். தவளை உட்கார்ந்தால் நீர் தோள்மட்டம் தாண்டக் கூடாது. மரத்தவளை நல்ல நீச்சல்காரன் அல்ல. குடிக்கும் தட்டிலேயே அது கழிவும் போடும். அதிலிருந்து வரும் அமோனியாவையும் தோல் உறிஞ்சும். ஆகவே தினம் ஒருமுறை நீர் மாற்றம், அழுக்குப் பட்டால் உடனே மாற்றம். தட்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் போதும், சோப்பு கூடாது. அதையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. தவளையிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை தொட்டித் தவளைகளிடமிருந்து சிறுபிள்ளைகளுக்கு அந்த நோய் பரவியிருக்கிறது.

பச்சை மரத்தவளையின் தோலைப் பற்றி இன்னொரு கதை உண்டு. 1788இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பற்படையின் தலைமை அறுவை மருத்துவர் ஜான் வைட் இந்தத் தவளையைத் தன் பயண நூலில் எழுதினார். அந்த நூல் 1790இல் வெளிவந்தது. அதில் இதற்கு ‘நீலத் தவளை’ என்று பெயர். தோலில் மேலடுக்கில் மஞ்சள் நிறமி, அதன் அடியில் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்கள். இரண்டும் சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சாராயத்தில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பிய உடலில் மஞ்சள் கரைந்துபோய் நீலம் மட்டும் நின்றது என்பதே இந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். சாராயத்தில் நிறமே கரைந்துபோகும் தோல் என்றால், நம் கையில் பூசிய சன்ஸ்கிரீன் அதை என்ன செய்யும்? கூடுமானவரை நாங்கள் அதைத் தூக்குவதே இல்லை. தூக்கியே ஆக வேண்டும் என்றால் பொடி தடவாத கையுறையை நல்ல நீரில் நனைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தவளை இருக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி, பூச்சி மருந்து, வாசனைத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். கொசு விரட்டித் திரவத்தைப் பிளக்கில் மாட்டுவதும் கூடாது. காற்றில் மிதப்பதெல்லாம் கடைசியில் அந்த ஈரத் தோலில்தான் படியும். பூஜை அறையை ஒட்டி இருந்த தொட்டியை அம்மாவே முன்னின்று இடம் மாற்றினார்.

தவளையின் தோலுக்கு வரும் பெரும் ஆபத்து கைட்ரிட் என்ற பூஞ்சை. 1998இல் லீ பெர்கரும் அவருடன் உழைத்த அறிவியலாளர்களும் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். அது எப்படிக் கொல்கிறது என்பது 2009இல் துலங்கியது. ஜேமி வாய்ல்ஸ் குழுவினர் அதற்கு ஆராய்ந்தது இதே பச்சை மரத்தவளையைத்தான். பூஞ்சை தோலைத் தடிக்கச் செய்து, உப்புகளைக் கடத்தும் வேலையை நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து, இதயம் நின்றுபோகிறது. தோலில் தொற்றுவது பூஞ்சை, சாவு இதயத்தில். உலகெங்கும் குறைந்தது 501 இனங்கள் இதனால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதலாம் என்று 2019இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பென் ஷீலி தலைமையிலான ஆய்வு கணக்கிட்டது. 2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் வீட்டு வாசல்களிலும் நடைபாதைகளிலும் தவளைகள் சுருங்கிச் செத்துக் கிடந்தன. மக்கள் பலர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு எழுதினார்கள். அதிகம் செத்தது பச்சை மரத்தவளை.

இந்தப் பூஞ்சை நீரில் நீந்திப் பரவும். எனவே தட்டிலிருந்து எடுக்கும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, மழைநீர் வடிகாலிலும் விடக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கென ஒரு வாளி வைத்திருக்கிறோம். பிளீச் கலந்து நேரம் விட்டுக் கழிப்பறையில் கொட்டுகிறோம். துளசிச் செடிக்கு ஊற்றினால் என்ன என்று தோன்றும். தோட்டத்துக்கு வரும் காட்டுத் தவளை ஒன்றுக்கு அதுவே எமனாகலாம்.

இந்தப் பூஞ்சைக்குச் சூடு ஆகாது. 30 பாகை செல்சியஸுக்கு மேல் அது தளர்ந்துபோகும். சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஆந்தனி வாடில் குழுவினர் கருப்புச் சாயம் பூசிய துளைச் செங்கற்களைச் சின்னப் பசுமைக்குடிலுக்குள் அடுக்கி வைத்தார்கள். பச்சையும் பொன்னும் கலந்த மணித்தவளைகள் வெயிலில் சுட்ட அந்தத் துளைகளில் புகுந்து உட்கார்ந்து நோய் நீங்கின. மறுபடி தொற்றினாலும் தாக்குப்பிடித்தன. 2024இல் ‘நேச்சர்’ இதழில் இது வந்தபோது, செங்கல்லால் இவ்வளவு செய்ய முடியுமா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

வீட்டுத் தொட்டிக்கும் ஒரு சூட்டுக் கணக்கு உண்டு. பகலில் 24 முதல் 29 பாகை வரை, ஒரு மூலை வெதுவெதுப்பாக, எதிர்மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வேண்டியதைத் தவளையே தேர்ந்துகொள்ளும். அகலத்தைவிட உயரம் முக்கியம், இது ஏறி வாழும் உயிர். ஒரு ஜோடிக்கு 45க்கு 45 சென்டிமீட்டர் அடியும் 60 உயரமும் குறைந்தபட்சம். தடித்த கிளை, அகல இலைச் செடி, ஒளிய ஒரு மூங்கில் குழல். வலைமூடி இல்லாவிட்டால் காற்று தேங்கிப் பூசணம் பிடிக்கும். தரையில் பொடிக் கூழாங்கல் போடாதீர்கள், பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிடும். நாற்றங்காலில் வாங்கிய செடி பூச்சிமருந்து கண்டிருக்கும். மண்ணை மாற்றி, நன்றாகக் கழுவி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு நடுங்கள். இரைப் பூச்சிகளுக்குக் கால்சியம் பொடி தூவ வேண்டும், இல்லையேல் எலும்பு வளையும். இது பெருந்தீனிக்காரன். கண்ணுக்கு மேல் கொழுப்பு மடிந்து தொங்கினால் இரையைக் குறைத்தே ஆக வேண்டும்.

எங்கள் தவளையின் சிவப்பு இரண்டு வாரத்தில் மாறியது. மழை வரும் இரவுகளில் இப்போது குரல் கொடுக்கிறது. குவீன்ஸ்லாந்தில் இதன் சொந்தக்காரர்கள் கூரை வடிகுழாய்க்குள் உட்கார்ந்து கத்துவார்களாம். குழாய் அந்தக் குரலைத் தெருவுக்கே கேட்கும்படி பெருக்கிவிடும்.

பச்சை மரத்தவளை நல்ல கவனிப்பில் இருபது ஆண்டுகளைக் கடந்தும் வாழும். எங்கள் மகளுக்கு இப்போது வயது பதினொன்று. தவளை வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் சரி என்று சொல்வதற்கு முன், அந்த இருபது ஆண்டின் ஒவ்வொரு காலையிலும் யார் தட்டு நீரை மாற்றப்போகிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.