வாசலில் வேப்பிலை; சாலையில் சுவர்!

வீட்டில் குழந்தைக்கு அம்மை வார்த்தால் நாம் என்ன செய்வோம்? வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவோம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உள்ளே விட மாட்டோம். ஆனால் வாசலையே செங்கல் வைத்து அடைத்து விடுவோமா? வைத்தியர் எப்படி உள்ளே வருவார்?

2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கொரோனா ஊரடங்கு நேரம். ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றி வரும் பஸ்கள் கூட ஓடவில்லை. ஆந்திராவிலிருந்து தொற்று வந்து விடக் கூடாதே என்று, குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும், பொன்னை அருகிலும் எல்லைச் சாலைகளின் குறுக்கே மாவட்ட நிர்வாகம் சுவரே எழுப்பி விட்டது!

கவலை நியாயமானதுதான். ஆனால் சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் பெரிய வைத்தியத்துக்கு வேலூரைத்தானே நம்பியிருக்கிறார்கள்? தடுப்புக் கம்பம் என்றால் காவலர் தூக்கி வழி விடுவார். சுவரைத் தூக்க முடியுமா? ஊர் சுற்றக் கிளம்பிய வாலிபனுக்கும், பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். கண்டனம் கிளம்பவே, ஓரிரு நாளில் சுவர்கள் அகற்றப்பட்டன.

இந்த விஷயத்தில் உலக நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? 1966-ல் ஐ.நா. சபை ஏற்ற அந்த உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் சேர்ந்தது. நடமாடும் உரிமையைப் பொது சுகாதாரத்துக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அதுவே அனுமதிக்கிறது. ஆனால் எதுவரை? 1984-ல் இத்தாலியின் சிசிலித் தீவில், சிராகூசா நகரில் கூடிய சட்ட வல்லுநர்கள் அதற்கு விளக்கம் வகுத்தார்கள். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், அதன் சாரம் நான்கு கேள்விகள்தாம்:

சட்டத்தில் இதற்கு இடமுண்டா? உண்மையிலேயே அவசியமா? இதைவிடக் கஷ்டம் குறைந்த வழி இல்லையா? எல்லாரையும் பாரபட்சமின்றி நடத்துகிறதா?

சாலைச் சுவர் மூன்றாவது கேள்வியிலேயே தோற்று விட்டது. சோதனைச் சாவடியும், நோய்ப் பரிசோதனையும், ஆம்புலன்ஸுக்கு ஒரு வழியும் இருந்தால் போதுமே!

இனியொரு கொள்ளைநோய் வராது என்று யாரால் சொல்ல முடியும்? அன்று உங்கள் தெருவை அடைக்க வந்தால், சகோதரிகளே, ஒத்துழையுங்கள். முகக் கவசமும் அணியுங்கள். கூடவே இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு விடுங்கள். வேப்பிலை கட்டுவது நம் கடமை. வைத்தியர் வர வழி கேட்பது நம் உரிமை.