பெயரின் தோளில் ஓர் எண்

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழையை நம்பிய மானாவாரி வேளாண்மைதான் அதன் களம். அங்கே சோளத்தைப் பற்றி நான்கு பேர் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் நிலையத்துக்காரர்கள், ஒருவர் கோயம்புத்தூர் தலைமையகம், இன்னொருவர் ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம். பெயர் நான்கு, முகவரி மூன்று. யார் எங்கே என்று அச்சில் எப்படிக் காட்டுவது?

பெயரின் தோளில் 1, 2, 3 என்று பொடி எண் போட்டு, கீழே ஒவ்வொரு முகவரியையும் ஒரே ஒரு முறை தருவதுதான் ஆய்விதழ்களில் பரவலான வழி. இரண்டு இடங்களைச் சேர்ந்தவருக்கு இரண்டு எண். கடிதத் தொடர்புக்கு உரியவருக்கு நட்சத்திரக் குறி.

இதைக் கணினியில் செய்வது எப்படி? டொனால்ட் கனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பிய லேடெக், இயல்பாக ஆசிரியர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, அவரவர் பெயருக்குக் கீழே முகவரியை அடுக்கும். இருவருக்கு அழகாக இருக்கும். நால்வரென்றால் வரி கொள்ளாது. ஒரே முகவரி திரும்பத் திரும்ப வரும். பேட்ரிக் டேலி லேடெக்குக்கு எழுதிய ஆத்பிளாக் என்ற துணைத் தொகுப்பு இதற்குக் கைகொடுக்கிறது. ஆசிரியர் கட்டளையில் சதுர அடைப்புக்குள் எண் கொடுத்து, முகவரிக் கட்டளையிலும் அதே எண்ணைக் கொடுத்தால் போதும். பெயர் வரிசை மாறினால் மட்டும் எண்களை நாமேதான் திருத்த வேண்டும்.

இயற்பியல் இதழ்களுக்கான லேடெக் தொகுப்பான ரெவ்டெக்கில் எண்ணையும் மென்பொருளே போட்டுக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் முகவரிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். இங்கேதான் நம் ஊர்ப்பெயர் சோதிக்கும். ஆங்கிலத்தில் அருப்புக்கோட்டைக்கு ஒருவர் ஒரு 'கே' போட்டு, மற்றவர் இரண்டு போட்டால், ஒரே நிலையம் இரண்டு நிலையங்களாக அச்சாகும்! ஆனாலும் ஆசிரியர்கள் பெருகினால் மென்பொருளே எண் போடுவதைத் தவிர வழியில்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயிற்று. அந்த அளவில் கையால் எண் போடுவது நடக்கிற காரியமா?

முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். நிறுத்தினால் கோவிலாங்குளத்தில் வெயிலில் நடந்த வேலை கோயம்புத்தூர்க் கணக்கில் சேர்ந்துவிடும். முதலில் நிலையம், பிறகு பல்கலைக்கழகம், ஊர், அஞ்சல் குறியீடு, நாடு என்று எழுதுங்கள். ஆய்வு முடிந்தபின் ஒருவர் மாற்றலாகிப் போயிருந்தாலும் வேலை நடந்த இடத்தின் எண்ணே அவர் பெயரில் நிற்கட்டும். இப்போதைய முகவரியை அடிக்குறிப்பில் கொடுக்கலாம்.