கட்டுரை உங்களுது, காசு எங்களுது!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்கிற எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வெல்டிங் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை தேடினேன். தலைப்பு கிடைத்தது, சுருக்கமும் கிடைத்தது. முழுசாகப் படிக்க வேண்டுமானால் 35 டாலர் கட்டு என்றது கம்ப்யூட்டர். நம்ம காசில் கிட்டத்தட்ட 3,000 ரூபாய், அதுவும் பன்னிரண்டே பக்கத்துக்கு! சரி, எழுதின விஞ்ஞானிக்காவது அந்தப் பணம் போகுமா என்று எங்கள் சாரிடம் கேட்டேன். "ஒரு பைசா போகாதுப்பா" என்றார். அப்போதுதான் இந்த விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன்.

ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசாங்கம், அதாவது வரி கட்டுகிற ஜனங்கள். விஞ்ஞானி கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவார். அவர்கள் அதைத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, தேறுமா தேறாதா என்று கேட்பார்கள். இதற்கு 'பியர் ரிவ்யூ' என்று பெயர். பொதுவாக அவர்களுக்கும் கூலி கிடையாது. பதிப்பகம் காப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அதே விஞ்ஞானி வேலை பார்க்கிற கல்லூரிக்கே சந்தா போட்டு விற்கும். நம்ம வீட்டு அரிசியை இனாமாக வாங்கி, மாவரைக்கவும் நம்ம வீட்டு ஆளையே கூப்பிட்டு, நமக்கே இட்லி விற்கிற கதை!

1665-ல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் முதல் விஞ்ஞான இதழ் ஒன்றை ஆரம்பித்தபோது சந்தா நியாயம்தான். அச்சு, காகிதம், தபால் என்று செலவு இருந்ததே! கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு பிரதி எடுக்க ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். சந்தா மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் பால் கின்ஸ்பார்க். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்து இயற்பியல்காரர். அச்சேறுவதற்கு முன்பே தங்கள் கட்டுரைகளைப் ஃபோட்டோகாப்பி எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவது இயற்பியல்காரர்களின் வழக்கம். 1991 ஆகஸ்டில் இவர் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். யாரும் அனுப்பலாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதுதான் பிற்பாடு 'ஆர்க்கைவ்' ஆனது. 2022 தொடக்கத்தில் அதில் 20 லட்சம் கட்டுரைகள் சேர்ந்திருந்தன. ரஷ்யாவின் கிரிகரி பெரல்மான், நூறு வருஷப் புதிரான பாயின்கேர் கணிப்புக்கான நிரூபணத்தை 2002-லும் 2003-லும் இங்கேதான் போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவே இல்லை. 2010-ல் 10 லட்சம் டாலர் பரிசு கொடுத்தார்கள், அதையும் வேண்டாம் என்றுவிட்டார். (நாமாக இருந்தால்?)

'யாரும் எதையும் போடலாம் என்றால் பொய்யும் வருமே' என்று கேட்பீர்கள். வரத்தான் செய்யும். கொரோனா வைரஸில் எச்.ஐ.வி. போன்ற துணுக்குகள் இருப்பதாக 2020 ஜனவரி கடைசியில் டெல்லி ஆய்வாளர்கள் சிலர் ஒரு கட்டுரையை இப்படிப் போட்டார்கள். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் பகிரங்கமாகக் குறை காட்ட, சில நாளிலேயே அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பீதியைக் கிளப்பிய கட்டுரை 1998-ல் வந்தது, பியர் ரிவ்யூ எல்லாம் முடிந்து, பேர்பெற்ற 'லான்செட்' இதழில். அதை அவர்கள் நீக்கியது 2010-ல்! எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டுரையோடு தகவலையும் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே வருஷம் பார்த்தோம். 2020 ஜனவரி 11-ல் சீன விஞ்ஞானி ஒருவரின் குழு கண்டறிந்த வைரஸ் மரபணு வரிசை பொதுவில் வெளியானது. இரண்டே நாளில் மாடர்னா நிறுவனம் தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது.

2002-ல் புடாபெஸ்ட் அறிக்கை இந்த முறைக்கு 'ஓப்பன் ஆக்ஸஸ்' என்று பெயர் வைத்தது. பதிப்பகங்கள் சும்மா இருக்குமா? 'படிப்பவர் காசு தர வேண்டாம், எழுதுபவர் தரட்டும்' என்று திருப்பிப் போட்டன. 'நேச்சர்' இதழ் 2020-ல் அறிவித்த கட்டணம் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ, அன்றைய கணக்கில் 8 லட்ச ரூபாய்க்கு மேல். வாசல் கதவு திறந்தது, கொல்லைக் கதவு சாத்திக்கொண்டது! பிரேசிலில் 1998-ல் ஆரம்பித்த 'சயலோ' போல, பொதுப் பணத்தில் இதழ்களை நடத்தி எல்லோரையும் படிக்கவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் மத்திய அரசு வேறு வழியில் போனது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தார்கள். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். நல்லதுதான், ஆனால் இது சாவியை வாடகைக்கு எடுப்பது. கெடு முடிந்தால் மறுபடி காசு கட்டணும். நம் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நூலகர் சாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. 'பணம் கட்டினால் மூன்றே நாளில் உங்கள் ப்ராஜெக்ட் சர்வதேச இதழில்!' என்று மெயில் வரும். ஓப்பன் ஆக்ஸஸ் பெயரைச் சொல்லிப் பிழைக்கிற கூட்டம் இது. அங்கே பியர் ரிவ்யூவும் இருக்காது, ஒன்றும் இருக்காது. 2003-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய ஓப்பன் ஆக்ஸஸ் இதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். இதழின் பெயர் அதில் இல்லையென்றால், சீனியர் சொன்னாலும் சரி, விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.