தேனிக்கு டூர் போகிறீர்களா? டிக்கெட்டை நீங்களே எடுங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், சுருளி அருவி, மேகமலை, அப்படியே தேக்கடி என்று கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்கூட டிக்கெட் என்று வந்தால் ஏஜென்ட் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். வீட்டிலிருந்தபடியே பதிவு செய்தால் கமிஷன் மட்டுமா மிச்சம்? உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த சென்னைக் குடும்பம் ஒன்று சென்ற கோடையில் கம்பம் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு ரயில் தேடினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. "தேனிக்கு ரயிலே இல்லை போலிருக்கிறது" என்று தனியார் பஸ்ஸில் விடுமுறைக் கட்டணம் கொடுத்து வந்தார்கள். ரயில் இருக்கிறது, ஆனால் தினமும் இல்லை!

மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்தது. அப்போதுதான் சென்னை சென்ட்ரல் - போடி எக்ஸ்பிரஸும் தொடங்கியது. வாரத்தில் 3 நாட்கள்தான். சென்னையில் திங்கள், புதன், வெள்ளி இரவும், போடியில் செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவும் புறப்படும் வகையில் அட்டவணை அமைந்தது. ஆகவே லீவு போடுவதற்கு முன்பே ரயில் நாளைப் பாருங்கள்.

பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன் என்ற முகவரியை ஆங்கிலத்தில் நீங்களே டைப் செய்யுங்கள். தேடுபொறியில் தேடி முதலில் வருவதை கிளிக் செய்யாதீர்கள். அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு. இலவசமாகக் கணக்கு தொடங்கி, ஆதார் சரிபார்ப்பையும் அன்றே முடித்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் தட்கல் டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்க இது கட்டாயம்.

ஊரையும் தேதியையும் கொடுக்கும் இடத்தில் 'ஃப்ளெக்சிபிள் வித் டேட்' என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் நீங்கள் கேட்ட தேதிக்கு அருகில் உள்ள நாட்களின் ரயில்களும் தெரியும். அந்தக் குடும்பம் இதைச் செய்திருந்தால் புதன்கிழமை ரயில் கண்ணில் பட்டிருக்கும். அப்படியும் நாள் ஒத்துவரவில்லையா? திண்டுக்கல் அல்லது மதுரைக்குத் தேடுங்கள். பாண்டியன், வைகை போன்ற தினசரி ரயில்கள் உண்டு. அங்கிருந்து தேனிக்கு பஸ் கிடைக்கும்.

அடுத்து, எப்போது எடுப்பது? 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 1 பயணம் என்றால் மார்ச் 2 காலை 8 மணி. காலண்டரில் குறித்து வையுங்கள். தவறவிட்டால் தட்கல்தான் கதி. அதற்கு மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 300 முதல் 400 ரூபாய் கூடுதல். நான்கு பேர் போய்வர குறைந்தது 2,400 ரூபாய்! உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. நான் சொல்லும் மிச்சம் இதுதான்.

படிவத்தை நிரப்பும்போது எல்லோர் பெயரையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். 6 பேர் வரை போடலாம். தளத்தின் சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. யுபிஐ மூலம் கட்டினால் அதுவும் குறையும். 5 வயது முடிந்து 12 வயது ஆகாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்று குறித்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அரைக் கட்டணம்தான். பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். ஒரு இரவுதானே, அம்மாவோடு படுத்துக்கொள்ளட்டும்! தாத்தா பாட்டிக்குச் சலுகை தேடாதீர்கள், மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

வெயிட்டிங் லிஸ்ட்டில் எடுத்து, சார்ட் தயாரான பிறகும் யாருக்குமே இடம் உறுதியாகவில்லை என்றால் இ-டிக்கெட் தானாகவே ரத்தாகி, சிறு கட்டணம் போகப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏறக்கூடாது.

அரசு பஸ் என்றால் டிஎன்எஸ்டிசி டாட் இன். போக வர இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் திரும்பும் டிக்கெட்டில் 10 சதவீதம் தள்ளுபடி என்று 2022ல் அறிவித்தார்கள். பண்டிகை நாட்களுக்குக் கிடையாது. பணம் கட்டும் முன் மொத்தத் தொகையில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேனியிலிருந்து கம்பம், குமுளிக்கு அடிக்கடி பஸ் உண்டு, முன்பதிவு தேவையில்லை. சீசனில் தேக்கடியில் அறை எடுப்பதைவிட கம்பத்தில் தங்கி, காலையில் பஸ் ஏறிப் போவதே நல்லது என்பேன். தேக்கடிப் படகுக்குப் பெரியார் புலிகள் காப்பகத்தின் சொந்தத் தளத்திலேயே டிக்கெட் எடுக்கலாம். சுருளிக்குப் போகும் முன் அன்றைய செய்தியையும் இண்டர்நெட்டில் பார்த்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்க விடாது.